வேலைத்தளத்தில் தீ: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை நகரிலும் உப்புவெளி, நிலாவெளி, கிண்ணியா, மூதூர், சீனன்குடாப் பகுதிகளிலும் உள்ள கடைகள், விடுதிகள், வெதுப்பகங்கள், அலுவலகங்கள், மீன்வாடிகளுக்குத் தீப் பாதுகாப்புப் பற்றிப் பேசப் போகும்போதெல்லாம் ஏறக்குறைய ஒரே ஐயங்கள்தான் எழுகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் உள்ளவற்றைத் தொட்டுச் செல்வதால், முதல் தடவை வரிசையாக வாசிப்பது நல்லது.

1. எங்கள் கடையில் நாலு பேர்தான் வேலை செய்கிறோம். பெரிய தொழிற்சாலைக்குரிய ஏற்பாடெல்லாம் எங்களுக்கும் வேண்டுமா?

வேண்டும்; அளவுதான் சிறிதாக இருக்கும். இந்த ஊரில் தீ விபத்து என்றாலே பலருக்கும் சீனன்குடா எண்ணெய்க் குதங்கள்தாம் நினைவுக்கு வருகின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானத் தாக்குதலின்போது அங்கே குதமொன்று பற்றி எரிந்த கதையை மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். ஆனால், எரிபொருள் களஞ்சியங்களில் அதற்கென்று பயிற்றப்பட்ட ஆட்களும் கருவிகளும் இருக்கும். நம்முடைய பிரதான வீதியிலோ மத்திய வீதியிலோ உள்ள ஒரு புடவைக்கடையில், சாமிப்படத்துக்கு முன் ஏற்றிவைத்த விளக்கு சரிந்து விழுந்தால், அங்கே நிற்பவர்கள் அந்த நாலு பேர் மட்டும்தான்.

உங்களுக்கு வேண்டியவை: தடையில்லாமல் வெளியேறக்கூடிய வழி, எல்லோருக்கும் கேட்கும் ஓர் எச்சரிக்கை ஒலி, பொருத்தமான தீயணைப்புக் கருவி, வெளியே ஒன்றுகூடும் இடம், யார் எதைச் செய்வது என்று எழுதிய ஒரு தாள். இவற்றுள் கருவியை மட்டும் வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டு மற்ற நான்கையும் விட்டுவிடுவதுதான் நான் அதிகமாகக் காணும் குறை. கருவி இல்லாமல் உயிர் தப்பலாம். வழி இல்லாமல் தப்ப முடியாது.

2. சரி, எங்கிருந்து தொடங்குவது?

ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு வேலைத்தளத்தை முன்வாசலிலிருந்து கடைசி மூலைவரை நடந்து பாருங்கள். வேலை மும்முரமாக நடக்கும்போது ஒரு தடவையும், கடை பூட்டிய பிறகு ஒரு தடவையும் பார்க்க வேண்டும். இரண்டு வேளையும் வெவ்வேறு கதையைச் சொல்லும். சூடாகக்கூடியது எது, அதன் அருகில் எரியக்கூடியது எது, தீப்பற்றினால் யார் எந்தப் பக்கம் அகப்படுவார் என்ற மூன்றையும் இடத்துக்கு இடம் எழுதிக்கொள்ளுங்கள்.

குளிர்சாதனப் பெட்டியை நகர்த்தி அதன் பின்னாலுள்ள பிளக்கைப் பாருங்கள். பிளாஸ்ரிக் மூடியில் ஒரு துளையைச் சுற்றி மட்டும் தேயிலைச் சாயம்போல் பழுப்பு ஏறியிருந்தால், உள்ளே முனை தளர்ந்து பல நாளாகச் சூடேறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். கடற்காற்றின் உப்பு செம்பு முனைகளை அரிப்பதால், துறைமுகத்தை ஒட்டிய கட்டடங்களில் இதை அடிக்கடி காண்கிறேன். அந்தப் பழுப்பைக் கண்டால் அன்றே மின்னிணைப்பைத் துண்டித்து மின்பணியாளரை அழையுங்கள்.

3. பின்கதவைத் திறந்து வைத்தால் கள்ளர் வருவார்கள். பூட்டித்தானே வைக்க வேண்டும்?

வெளியிலிருந்து திறக்க முடியாதபடி பூட்டலாம். உள்ளிருந்து திறப்பதற்குத் திறப்புத் தேவைப்படக் கூடாது. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்பதை விளங்கிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். உள்ளே கையால் திருகித் திறக்கும் பூட்டு, தள்ளினால் திறக்கும் குறுக்குச் சட்டம், கதவு திறந்தவுடன் ஒலிக்கும் சிறிய மணி ஆகியவை உள்ளன. களவுப் பயத்துக்கு அந்த மணி போதும். சங்கிலியும் ஆமைப்பூட்டும், உள்ளே ஓர் ஆள் இருக்கும்வரை கதவில் தொங்கக் கூடாது.

1911ஆம் ஆண்டு நியூயோர்க் நகரில் ஆடைத் தொழிற்சாலையொன்றில் 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் இளம் பெண்கள். படிக்கட்டுக்குச் செல்லும் கதவொன்று பூட்டப்பட்டிருந்தது. தொழிலாளர்கள் துணி திருடிச் செல்லாதிருக்க அப்படிப் பூட்டுவது அங்கே வழக்கமாக இருந்தது. நூறு ஆண்டுகள் கழிந்து, 2012இல் கராச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் 250க்கு மேற்பட்டோர் இறந்தபோதும் பூட்டிய கதவுகளும் கம்பியிட்ட யன்னல்களும்தான் அவர்களை மறித்தன. நம் நாட்டிலும், 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், தொழிலாளர் உள்ளே இருக்கும் வேளையில் வெளியேறும் கதவுகள் உள்ளிருந்து இலகுவாகவும் உடனடியாகவும் திறக்கக்கூடியவையாக இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் இடம் சட்டப்படி தொழிற்சாலை அல்லாவிட்டாலும் புகை அந்த வேறுபாட்டைப் பார்க்காது.

ஒரு களஞ்சியத்தில் பின்கதவைத் திறந்து காட்டும்படி அங்கு வேலைசெய்யும் தம்பியிடம் கேட்டேன். மேலும் கீழுமாக இரண்டு தாழ்ப்பாள்கள், நடுவில் சங்கிலி. திறப்பு காசு மேசையின் இழுப்பறைக்குள். துவாயால் கண்ணைக் கட்டிக்கொண்டு மீண்டும் செய்யச் சொன்னபோது, மேல் தாழ்ப்பாளைத் தேடி அவர் கை நிலைச்சட்டத்தில் ஊர்ந்துகொண்டே இருந்தது, சங்கிலிவரை வரவேயில்லை. புகைக்குள் கண் அவ்வளவுதான் தெரியும். முதலாளி அன்றே சங்கிலியை எடுத்துவிட்டார். உங்கள் கதவையும் இப்படிச் சோதித்துப் பாருங்கள்.

முன்பக்க ஷட்டரையும் மறக்க வேண்டாம். கடை பூட்டிய பின் கணக்குப் பார்ப்பதற்காக அதை முழுவதும் இறக்கிவிட்டு உள்ளே இருப்பது ஆபத்தானது. மின்சாரத்தில் இயங்கும் ஷட்டர் என்றால், கரண்ட் இல்லாதபோது கையால் உயர்த்தும் சங்கிலி எங்கே இருக்கிறது என்பதை ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது இழுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

4. எங்கள் கட்டடத்துக்குப் பின்கதவே இல்லை. என்ன செய்வது?

கட்டட உரிமையாளரிடம் பேசி இரண்டாவது வழி அமைப்பதே சரியான தீர்வு. அதுவரை, தீ தொடங்கக்கூடிய எதுவும் ஆட்களுக்கும் அந்த ஒற்றைக் கதவுக்கும் நடுவில் இருக்கக் கூடாது. தேநீர் அடுப்பு, தொலைபேசி சார்ஜ் செய்யும் மேசை, மின்பிறப்பாக்கி, அட்டைப்பெட்டி அடுக்கு ஆகியவற்றைக் கதவுப் பாதையிலிருந்து அகற்றுங்கள். யன்னல் கம்பிகளில் ஒன்றையாவது உள்ளிருந்து திறக்கும் கதவுபோல் ஒரு வெல்டிங்காரரிடம் மாற்றிக்கொள்ளலாம்.

5. தீயணைப்புக் கருவி விற்பவர், ஒன்றே எல்லாத் தீக்கும் போதும் என்கிறார். உண்மையா?

பெருமளவு உண்மை, ஆனால் முழு உண்மை அல்ல. உலர் தூள் கருவி மரம், துணி, கடதாசி, பெற்றோல், வாயு, மின்சாதனம் எனப் பலவகைத் தீக்கும் பயன்படும். அதன் குறை, மூடிய அறையில் தூள் பரவிக் கண்ணையும் மூச்சையும் அடைக்கும். கணினியிலும் இயந்திரத்திலும் படிந்தால் அவற்றை அரித்துக் கெடுக்கும். எரிந்த பொருளைக் குளிரவைக்காததால் தீ மீண்டும் பற்றவும் கூடும். அலுவலகக் கணினிகளுக்கும் மின்பலகைக்கும் கரியமில வாயுக் கருவி நல்லது. அதையும் சின்னஞ்சிறு அறைக்குள் அடித்துவிட்டு அங்கேயே நிற்கக் கூடாது, மூச்சுத் திணறும்.

இங்கே பொதுவாகக் கிடைக்கும் சிவப்பு உருளைகளில் ஒரு நிறப்பட்டி இருக்கும். நீலம் தூள், கறுப்பு கரியமில வாயு, வெளிர் மஞ்சள் நுரை. பட்டியின்றி முழுவதும் சிவப்பாக இருந்தால் அது நீர். நீர்க் கருவியை மின்சாரத்தின் மீதும் எண்ணெயின் மீதும் பயன்படுத்தவே கூடாது. நிறத்தை நம்பி நின்றுவிடாமல் உருளையில் எழுதியிருப்பதையும் வாசியுங்கள். பழைய உருளைகளில் வேறு நிறமுறை இருக்கலாம். கருவியை வெளியேறும் கதவுக்கு அருகில் மாட்டுவது முக்கியம். அதை எடுக்க வருபவர் கதவை நோக்கி வருவார். அணைக்க முடியாவிட்டால் அப்படியே வெளியே போய்விடலாம்.

6. அதை எடுத்து அடித்தால் தீ அணைந்துவிடுமா?

தொடக்கத்தில் அணையும். ஒரு குப்பைக்கூடை அளவு தீக்கு ஒரு கருவி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கிலோ கரியமில வாயுக் கருவி ஏறத்தாழ பத்து விநாடிகளிலும், ஆறு கிலோ தூள் கருவி இருபது விநாடிகளுக்குள்ளும் தீர்ந்துவிடும். இதைக் கேட்டுத் திகைக்காதவர்களை நான் கண்டதில்லை. சில நிமிடங்களுக்கு வரும் என்றே பலரும் நினைத்திருக்கிறார்கள்.

முதலில் குரல் கொடுத்து மற்றவர்களை வெளியேறச் செய்யுங்கள். பிறகு, கதவு உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும்படி நின்று, பாதுகாப்பு ஊசியைப் பிடுங்கி, சுடரின் உச்சிக்கு அல்லாமல் அடிக்குக் குறிவைத்து, பிடியை அமுக்கி, இடமும் வலமுமாக வீசுங்கள். தீ கூரையை எட்டிவிட்டாலோ, புகை தலையளவுக்கு இறங்கிவிட்டாலோ, ஒரு கருவி தீர்ந்தும் அணையாவிட்டாலோ, கதவைச் சாத்திவிட்டு வெளியேறுங்கள். சாத்திய கதவு தீக்குக் காற்றுப் போவதைக் குறைக்கும், பூட்ட வேண்டாம்.

7. அழுத்தமானியின் முள் பச்சையில்தான் நிற்கிறது. பிறகென்ன பராமரிப்பு?

முள் அழுத்தத்தை மட்டுமே காட்டுகிறது. தூள் அடியில் இறுகிக் கட்டியாகியிருக்கலாம், குழாயில் குளவி கூடு கட்டியிருக்கலாம், ஊசி துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். கடற்கரை விடுதியொன்றில் அழுத்தமானியின் கண்ணாடி உப்பேறி மங்கி, முள் எங்கே நிற்கிறது என்பதே தெரியாமல் இருந்தது. கரியமில வாயுக் கருவிக்கு அழுத்தமானியே கிடையாது. நிறுத்துப் பார்த்துத்தான் அறியலாம்.

மாதம் ஒரு முறை ஒருவர் முள், ஊசி, குழாய், துரு ஆகியவற்றைப் பார்த்துத் தாளில் திகதியிட்டுக் கையொப்பமிட வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை தகுதியுள்ளவரிடம் பராமரிப்புக்குக் கொடுங்கள். ஒரு விநாடி அடித்துப் பார்த்திருந்தாலும் அதை மீள நிரப்பியாக வேண்டும்.

8. ட்ரிப் சுவிட்ச் போட்டிருக்கிறோம். இனிக் கரண்டால் தீப்பிடிக்காதுதானே?

பிடிக்கலாம். ட்ரிப் சுவிட்ச், மின்சாரம் நிலத்துக்குக் கசியும்போது துண்டிப்பது. அது முதன்மையாக மின்னதிர்ச்சியிலிருந்து காப்பாற்றுகிறது. அளவுக்கு மீறிய சுமையை அதன் பக்கத்திலுள்ள சிறிய பிரேக்கர்கள் கவனிக்கின்றன. இரண்டாவது பதிலில் சொன்ன தளர்ந்த முனையின் சூட்டை இவை இரண்டுமே உணராமல் போகலாம். எனவே ஒரு மல்டி பிளக்கிலிருந்து இன்னொரு மல்டி பிளக்குக்கு இழுப்பது, கேத்தலையும் மின்னடுப்பையும் அதில் செருகுவது, வயரைக் கம்பளத்துக்கு அடியில் விடுவது ஆகிய மூன்றையும் நிறுத்துங்கள். அடிக்கடி விழும் பிரேக்கரைப் பெரியதாக மாற்றித் தரச் சொல்லாதீர்கள். அது விழுவதற்கான காரணத்தைத் தேடச் சொல்லுங்கள்.

9. சமையலறையில் எண்ணெய் பற்றிக்கொண்டால் என்ன செய்வது? காஸ் மணம் வந்தால்?

எண்ணெய்த் தீயில் ஒருபோதும் தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்ணீர் கொதி எண்ணெயின் அடிக்குப் போய் ஒரு நொடியில் நீராவியாகி, ஆயிரத்து எழுநூறு மடங்கு வரை விரியும். எரியும் எண்ணெயைச் சமையற்காரரின் மேலேயே தூக்கி வீசும். அடுப்பை அணைத்து, தாச்சியின் வாயை அதைவிடப் பெரிய உலோக மூடியாலோ தீப் போர்வையாலோ உங்கள் பக்கமிருந்து அப்பால் தள்ளுவதுபோல மூடுங்கள். மூடியதை ஆறும்வரை திறக்க வேண்டாம். தாச்சியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடவும் வேண்டாம். வடை, றோல்ஸ் பொரிக்கும் கடைகளில், தாச்சிக்கு அளவான மூடி எப்போதும் கைக்கெட்டும் ஆணியில் தொங்க வேண்டும்.

காஸ் மணம் வந்தால், ரெகுலேட்டரை மூடி, கதவு யன்னல்களைத் திறந்து, எல்லோரையும் வெளியேற்றுங்கள். சமையல் எரிவாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு பாரமானது. தரையோடு தவழ்ந்து வடிகாலிலும் தாழ்ந்த மூலைகளிலும் தேங்கும். ஆகவே மணம் மூக்குக்கு எட்டுமுன்பே காலடியில் நிறைய இருக்கலாம். எந்தச் சுவிட்சையும் போடவோ அணைக்கவோ வேண்டாம், மின்விசிறி உட்பட. 2021இன் இறுதியில் நாடெங்கும் வீடுகளில் அடுத்தடுத்து நிகழ்ந்த எரிவாயு வெடிப்புகளை நாம் மறந்திருக்க மாட்டோம். சிலிண்டரைக் கட்டடத்துக்கு வெளியே, நிமிர்த்தி, வெயில் படாத காற்றோட்டமுள்ள கூட்டுக்குள் வைப்பதே நல்லது.

10. எங்களுடையது மீன்வாடி. பெற்றோலும் மண்ணெண்ணெயும் வைக்காமல் தொழில் நடக்காதே?

வைக்காமல் இருக்க முடியாது. எங்கே, எவ்வளவு, எதில் என்பதை முடிவுசெய்யலாம். எஞ்சினைத் தொடக்கப் பெற்றோலும் ஓட்ட மண்ணெண்ணெயும் வைத்திருக்கும் வாடிகளில், இரண்டும் ஒரே மூலையில் ஒரே மாதிரிக் கான்களில் நிற்பதைக் காண்கிறேன். பெற்றோல், பூச்சியத்துக்குக் கீழே நாற்பது பாகைக் குளிரிலும்கூடப் பற்றத்தக்க ஆவியை விடுவது. மண்ணெண்ணெய் அப்படியல்ல, அது சூடேறினால்தான் அத்தகைய ஆவியைத் தரும். ஒன்றை மற்றதாக எண்ணி அடுப்பில் ஊற்றினால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கான்களில் பெரிதாகப் பெயர் எழுதி, பெற்றோலுக்குத் தனி நிறம் பூசுங்கள்.

எரிபொருளை வாடிக்கு வெளியே தனிக் கொட்டிலில், அன்றாடத் தேவைக்கு மட்டும் வையுங்கள். நைலோன் வலைக்குவியலுக்கும் சமையல் அடுப்புக்கும் இடையே நல்ல இடைவெளி வேண்டும். எரியும் நைலோன் உருகிச் சொட்டித் தோலில் ஒட்டிக்கொள்ளும். சூடான எஞ்சினுக்கு எரிபொருள் நிரப்ப வேண்டாம். மணல் நிரப்பிய வாளிகளை வரிசையாக வைத்தால் சிந்திய எரிபொருளுக்கு உதவும். கடற்கரையில் மணலுக்கா பஞ்சம்!

11. கச்சான் காற்றுக் காலத்தில் தனியாக ஏதும் கவனிக்க வேண்டுமா?

கட்டாயம். வைகாசி முதல் ஆவணி வரை மேற்கிலிருந்து வரும் அந்த வறண்ட காற்றில், பக்கத்து வளவில் எரித்த குப்பையின் ஒரு பொறி, மதிலைத் தாண்டிக் கிடுகுக் கூரையில் விழப் போதும். கிடுகு வேய்ந்த உணவுச்சாலைகளும் கபானாக்களும் உள்ள விடுதிகள், அந்த மாதங்களில் வளவுக்குள் குப்பை எரிப்பதை முற்றாக நிறுத்தி, சருகை அன்றாடம் அள்ளி, கூரையை எட்டும் நீண்ட தண்ணீர்க் குழாயைத் தயாராக வைத்திருக்க வேண்டும். அடுப்பைக் கிடுகுக்குக் கீழே வைக்கவே கூடாது. 2004 ஜூலை 16ஆம் திகதி கும்பகோணத்துப் பாடசாலையில் 94 பிள்ளைகள் இறந்ததும், சமையற்கூடத்தின் தீ ஓலைக்கூரைக்குத் தாவியதால்தான்.

12. வெளியூர்ப் பொடியன்கள் கடையின் மேல்மாடியில்தான் படுக்கிறார்கள். அதில் என்ன ஆபத்து?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிகுந்த கவலை தருவது இதுவே. உறங்கும்போது புகை மணம் மனிதரை எழுப்பாது. புகையிலுள்ள நச்சு வாயுவான காபனோரொட்சைட்டுக்கு நிறமும் மணமும் இல்லை. உறக்கத்திலேயே நினைவிழக்கச் செய்யும். கீழே தீ தொடங்கினால் படிக்கட்டுப் புகைபோக்கியாகிவிடும். ஷட்டரோ வெளியிலிருந்து பூட்டப்பட்டிருக்கும், திறப்பு முதலாளியின் வீட்டில் இருக்கும்.

உறங்க வேறு இடம் கொடுப்பதே முதற்கடன். அது இயலும்வரை, கீழ்த்தளத்திலும் படிக்கட்டின் உச்சியிலும் மின்கலத்தில் இயங்கும் புகை உணர்கருவிகளைப் பொருத்துங்கள்; விலை பெரிதல்ல. உள்ளிருந்து திறப்பின்றித் திறக்கும் கதவு இங்கே தவிர்க்கவே முடியாதது (மூன்றாவது பதில்). மேல்மாடி யன்னலொன்றில் கம்பி திறக்க வேண்டும், அதன் வழியே இறங்க வழி இருக்க வேண்டும். நுளம்புத்திரி, சிகரெட், இரவு முழுவதும் மெத்தையில் சார்ஜ் ஏறும் தொலைபேசி மூன்றுக்கும் அங்கே இடமில்லை. முதலாளிமார் இதைச் செலவாகப் பார்க்கக் கூடாது. பெற்றோர் தங்கள் பிள்ளையை உங்களை நம்பி அனுப்பியிருக்கிறார்கள்.

13. ஒத்திகை நடத்தினால் வியாபாரம் கெடாதா? வாடிக்கையாளர் பயந்துவிடுவார்களே?

கடை திறப்பதற்கு முன்னரான கால் மணி நேரம் போதும். முதல் தடவை முன்கூட்டியே அறிவித்து நடத்துங்கள். அடுத்த தடவை ஒரு வழியை மறித்து, "இது தீப்பற்றியிருக்கிறது, மற்ற வழியால் போங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். எல்லோரும் பழகிய முன்வாசலையே நோக்கி ஓடுவதைக் காண்பீர்கள். அதனால்தான் ஒத்திகை தேவைப்படுகிறது. ஆண்டுக்கு இரு முறையாவது நடத்துங்கள்; புதிதாகச் சேர்பவருக்கு முதல் நாளிலேயே இரண்டு வழிகளையும் நடந்து காட்டுங்கள்.

வாடிக்கையாளரை வெளியேற்றும்போது "நெருப்பு!" என்று அலறுவதைவிட, "எல்லோரும் என்னோடு இந்தப் பக்கம் வாருங்கள்" என்று வழியைக் காட்டிச் சொல்வது நன்றாக வேலை செய்யும். நம்முடைய ஊரில் தமிழிலும் சிங்களத்திலும் அதைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்; விடுதிக்காரருக்கு ஆங்கிலமும் வேண்டும். சுவரில் ஒட்டும் அறிவித்தலும் அப்படியே.

14. யாருக்கு முதலில் அழைப்பது? என்ன சொல்வது?

தீயணைப்புக்கு 110, அம்பியூலன்சுக்கு 1990, பொலிசுக்கு 119. நகரத் தீயணைப்புப் பிரிவின் நேரடி இலக்கத்தையும் கேட்டறிந்து, இந்த மூன்றோடும் சேர்த்துக் கதவருகில் எழுதிவையுங்கள். வெளியே வந்த பிறகு அழையுங்கள். இடம், அடையாளம், என்ன எரிகிறது, உள்ளே ஆள் இருக்கிறாரா, காஸ் சிலிண்டரோ எரிபொருளோ உண்டா என்பதைச் சொல்லி, அவர்கள் வைக்கும்வரை தொலைபேசியை வைக்காதீர்கள். "கடைத்தெருவில் உள்ள கடை" என்றால் யாருக்கும் விளங்காது. வீதியின் பெயர், கட்டட இலக்கம், அருகிலுள்ள கோயில், பள்ளிவாசல் அல்லது வங்கி என்று இரு மொழியிலும் எழுதி ஒட்டிவையுங்கள். பதற்றத்தில் சொந்த முகவரியே மறந்துபோகும். ஒருவர் சந்திக்குப் போய் வாகனத்துக்கு வழிகாட்ட வேண்டும், மற்றொருவர் வீதியில் நிற்கும் முச்சக்கரவண்டிகளை அகற்ற வேண்டும்.

15. எங்களிடம் காது கேளாத ஒருவரும், நிறைமாதக் கர்ப்பிணி ஒருவரும் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு?

அவர்களிடமே கேளுங்கள், எது தங்களுக்கு உதவும் என்று அவர்களுக்குத் தெரியும். ஒவ்வொருவருக்கும் பெயர் குறித்து ஒரு துணையாளும், அவர் விடுமுறையில் இருந்தால் மாற்றாளும் வேண்டும். காது கேளாதவருக்கு ஒலியோடு மின்னும் விளக்கையும் பொருத்தலாம். படியிறங்கச் சிரமப்படுபவரின் வேலையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுவது எந்தத் திட்டத்தையும்விட நல்லது.

16. வெளியே வந்து எண்ணும்போது ஒருவரைக் காணவில்லை. உள்ளே போய்த் தேடலாமா?

கூடாது. மனம் கேட்காதுதான், ஆனாலும் கூடாது. புகைக்குள் மீண்டும் நுழைபவர் இரண்டாவது ஆளாக அகப்படுவார், வருகின்ற தீயணைப்பு வீரர்கள் ஒருவருக்குப் பதிலாக இருவரைத் தேட நேரும். கடைசியாக அவரை எங்கே கண்டீர்கள் என்பதை உறுதியாகச் சொல்வதே நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி. கணக்குப் புத்தகம், காசுப்பெட்டி, தொலைபேசி எடுக்கத் திரும்புவது பற்றிக் கேள்விக்கே இடமில்லை.

இந்த நிலைமை பெரும்பாலும் எண்ணிக்கைக் குழப்பத்தால் வருகிறது. தேநீர் குடிக்கப் போனவரைத் தேடி ஒருவர் உயிரை விடக் கூடாது. எனவே, வருபவரும் போவோரும் பெயரை எழுதும் ஒரு பலகை வாசலில் இருக்கட்டும். ஒன்றுகூடும் இடத்தில் பெயர் கூப்பிடுபவர் அதைப் படம் பிடித்தோ கையோடு எடுத்தோ வரவேண்டும்.

17. தீக்காயத்துக்குப் பற்பசை பூசலாமா?

வேண்டாம். பற்பசை, மை, வெண்ணெய், ஐஸ் எதுவும் வேண்டாம். ஓடும் குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிடம் பிடியுங்கள். மோதிரம், வளையலை வீங்குமுன் கழற்றுங்கள். ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். சுத்தமான துணியால் மென்மையாக மூடி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். உடையில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது, தரையில் படுத்து உருள வேண்டும். சேலையோ சாரமோ கட்டியவரை அருகிலிருப்பவர் தடித்த பருத்திப் போர்வையால் சுற்றிப் படுக்கவைக்கலாம்.

18. ஒரே கட்டடத்தில் ஆறு கடை. பொதுப் படிக்கட்டை அடைத்துப் பெட்டி அடுக்கியிருப்பது பக்கத்துக் கடைக்காரர். நான் என்ன செய்ய முடியும்?

முதலில் நேரில் பேசுங்கள்; அந்தப் படிக்கட்டு அவருக்கும்தான் வழி. பலன் இல்லாவிட்டால் கட்டட உரிமையாளருக்கு எழுத்தில் அறிவித்துப் பிரதியை வைத்திருங்கள். அதற்கும் அசையாவிட்டால் உள்ளூராட்சி சபைக்கும் தீயணைப்புப் பிரிவுக்கும் தெரியப்படுத்தலாம். இதைக் கோள் சொல்வதாக எண்ணித் தயங்குகிறார்கள். அண்டை அயலாரின் உறவு பெரிதுதான்; உங்கள் ஊழியரின் மூச்சு அதைவிடப் பெரிது. ஆறு கடைக்கும் ஒரே எச்சரிக்கை ஒலியும் ஒரே ஒத்திகையும் ஏற்பாடு செய்வது அடுத்த படி; இல்லாவிட்டால் கீழ்க்கடையில் எரிவதை மேல்மாடி கடைசியாகத்தான் அறியும்.

19. தீ அணைந்துவிட்டது. எப்போது உள்ளே போகலாம்?

தீயணைப்பு அலுவலர் அனுமதித்த பிறகே. துணிமூட்டை, வைக்கோல், மெத்தை ஆகியவை உள்ளே கனன்றுகொண்டிருந்து மணிக்கணக்கின் பின் மீண்டும் பற்றும். வீங்கிய தொலைபேசி மின்கலங்களும் அப்படியே. மின்னிணைப்பை ஒரு மின்பணியாளர் சோதிக்கும்வரை மெயின் சுவிட்சைத் தொடாதீர்கள். காப்புறுதி இருந்தால், எதையும் அள்ளிக் கொட்டுமுன் எல்லாவற்றையும் படம் எடுங்கள்.

20. எங்கள் விடுதி கடற்கரையில் இருக்கிறது. ஒன்றுகூடும் இடத்தைக் கடற்கரையில் வைத்தோம். ஆனால் சுனாமி எச்சரிக்கை வந்தாலும் அதே மணியைத்தான் அடிப்போம். சரிதானா?

சரியல்ல, இந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு என் நன்றி. தீக்குக் கட்டடத்தை விட்டு விலகி வெட்டவெளிக்குப் போகிறோம். கடற்கரை அதற்கு வாய்ப்பானது. சுனாமிக்கு அதற்கு நேர் எதிர்த் திசையில், நிலப்பக்கமாக உயரமான இடத்துக்குப் போக வேண்டும். 2004 டிசம்பர் 26ஐக் கண்ட ஊரில், ஒரே ஒலியைக் கேட்டு விருந்தினரைக் கடலை நோக்கி அனுப்பும் ஏற்பாடு இருக்கக் கூடாது.

இரண்டுக்கும் காதுக்கு வேறுபட்ட ஒலிகளை வையுங்கள்: தீக்கு விடாது அடிக்கும் மணி, சுனாமிக்கு விட்டுவிட்டு ஊதும் ஊதல் என்றால் குழப்பம் வராது. தீக்கான ஒன்றுகூடும் இடத்தையும் கூடுமானால் வீதிப்பக்கமாக, தீயணைப்பு வாகனம் வரும் வாயிலை மறிக்காத இடத்துக்கு மாற்றிவிடுங்கள். அப்போது எந்த ஒலி கேட்டாலும் முதல் அடியை நிலப்பக்கமாகவே வைப்பார்கள். அறைக் கதவின் பின்னால் ஒட்டும் வரைபடத்தில் இரண்டு வழிகளையும் இரண்டு நிறத்தில் காட்டுங்கள். அறைத் திறப்பைக் கொடுக்கும்போதே வரவேற்பாளர் அதை விரலால் தொட்டு விளக்கட்டும். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.